கட்டத்துக்குள் அடங்காத லயம்: மென்பொருள் மொடல்கள் கொஞ்சம் வளையட்டும்

ஒன்லைன்ல ஃபோர்ம் நிரப்புற எல்லாருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைத் தெரியும். அது ஒட்டியிருக்கிற பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. வீட்டு இலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு. வெள்ளவத்தையில் இருக்கிறவருக்கு இது பத்து செக்கன் வேலை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பிராவில் இருக்கிறவருக்கு? லயத்துக்கு நம்பர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முன்னால் போற பாதைக்குப் பேர் கிடையாது. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர், நம்ம வாயில் இன்னொரு பேர். கடிதம் வீட்டுக்கு வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். இதையெல்லாம் உள்ளபடி எழுத அந்த ஃபோர்மில் இடமில்லை. அதனால் நம்ம பிள்ளைகள் வீட்டு இலக்கத்துக்கு "1" என்று போடுறாங்க, வீதிக்கு ஒரு புள்ளி வைக்கிறாங்க, 'நெக்ஸ்ட்' அமத்துறாங்க. சிஸ்டம் சந்தோசமா ஏத்துக்கும்.

கவனிச்சுப் பாருங்க. உண்மையை அந்தச் சிஸ்டம் வாங்க மறுத்தது. பொய்யை வாங்கிக்கிச்சு. நாளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் அந்தப் பொய் முகவரியை நம்பித்தான் வரப்போகுது.

"ஃபோர்ம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஃபோர்ம் என்பது முகம் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஒரு மொடல் இருக்கு. அந்த மொடலை வரைந்தவர் மனதில் வீடு என்றால் எப்படி இருக்கும், ஆளுக்கு எத்தனை பேர் இருக்கும், சம்பளம் எத்தனை பங்காகப் பிரியும் என்று ஒரு படம் இருக்கு. நாங்கள் சொல்ல வர்றது ஒண்ணுதான்: மொடலை வைத்து மென்பொருள் செய்கிற கருவிகளும் பழக்கங்களும், பொருந்தாத தகவலை வாசலில் திருப்பி அனுப்பாமல் முதலில் உள்ளே எடுத்துக்கொண்டு, சரிபார்ப்பைப் பிறகு செய்யப் பழக வேண்டும். கெம்பஸ்ல ஐ.டி. படிக்கிற, ஹட்டனில் ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடுற நம்ம செட்டு இதைப் பற்றிப் பேசியே ஆகணும். ஏன்னா இந்த மொடல்களை நாளைக்கு வரையப் போறவங்கள்ல நாமும் இருப்போம்.

இடியப்ப உரலும் மொடலும்

மொடல் வழி மென்பொருள் உருவாக்கம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கோட் எழுதுவதற்கு முன்னால், அந்த மென்பொருள் எந்த உலகத்தைப் பற்றியதோ அதைப் படமாகவோ பட்டியலாகவோ வரைந்துகொள்கிறோம். "தொழிலாளி" என்று ஒரு பெட்டி, "தோட்டம்" என்று ஒரு பெட்டி, நடுவில் "வேலை செய்கிறார்" என்று ஒரு கோடு. அந்தப் படத்தை ஒரு கருவியிடம் கொடுத்தால் அது டேட்டாபேஸ், திரை, ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் வேண்டிய கோடைத் தானே எழுதித் தரும். இடியப்ப உரல் மாதிரி. மாவைப் போட்டு அமுக்கினால் போதும், நூல் நூலாக வரும். ஆனால் எந்த வடிவத்தில் வரும் என்பதை அடியில் இருக்கிற அச்சுத்தட்டுதான் தீர்மானிக்குது.

யூ.எம்.எல். என்ற வரைபட மொழி 1997இல் பொதுத் தரமாக வந்தது. அதே அமைப்பு 2001இல் மொடலை மையமாக வைத்த கட்டமைப்பு ஒன்றை முன்வைத்தது. பிறகு எக்லிப்ஸ் மொடலிங் ஃப்ரேம்வர்க் மாதிரியான கருவிகள் வந்தன. கெம்பஸில் கிளாஸ் டயகிராம் வரைந்து மார்க்ஸ் வாங்கின எல்லாரும் இந்தக் குடும்பத்தில் ஒரு கால் வைத்தவர்கள்தான். இன்றைக்கு 'லோ கோட்' என்று விளம்பரம் செய்றாங்களே, அதுவும் இதே குடும்பத்து வாரிசு.

இந்தக் கருவிகளில் இரண்டு தட்டு உண்டு. மேல் தட்டில் மெட்டாமொடல்: என்னென்ன வகைப் பெட்டிகள் இருக்கலாம், எது கட்டாயம், எது எத்தனை தடவை வரலாம் என்ற விதிகள். கீழ்த் தட்டில் அந்த விதிக்கு அடங்கின உண்மையான தகவல்கள். பழைய கருவிகளின் ஒழுங்கு ரொம்பக் கறார். முதலில் மேல் தட்டை முடி, பிறகுதான் கீழ்த் தட்டில் ஒரு வரி எழுதலாம். உலகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதற்கு விதி எழுதி முடிக்கச் சொல்ற மாதிரி.

ஒரு சம்பளத் துண்டின் கதை

விதியை முதலில் எழுதி முடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேற எங்கயும் போக வேண்டாம். நம்ம அம்மாமாரின் சம்பளத் துண்டு போதும்.

2013 கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாள் சம்பளம் 620 ரூபா. அது மூணு பெட்டி: அடிப்படைச் சம்பளம் 450, வருகைக் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. 2016 ஒப்பந்தத்தில் 730 ரூபா, நாலு பெட்டி: அடிப்படை 500, வருகைக்கு 60, விலைப் பங்கு 30, புதுசா உற்பத்தித்திறன் ஊக்கத்தொகை என்று 140. 2019இல் 750 ரூபா. வருகையும் போச்சு, உற்பத்தித்திறனும் போச்சு. அடிப்படை 700, விலைப் பங்கு 50, ரெண்டே பெட்டி. 2021இல் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வந்தது. அதில் 900 நாட்சம்பளம், 100 வரவுசெலவு நிவாரணப்படி. 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆனது. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அது 1,550 ஆகும் என்றும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசாங்கமே தரும் என்றும் அறிவித்தார்கள்.

தொகை ஏறினதைப் பற்றி எல்லாரும் பேசியாச்சு. நாங்கள் காட்ட விரும்புவது வேறொன்று. ஒவ்வொரு தடவையும் எண் மட்டும் மாறவில்லை, பெட்டிகளே மாறியிருக்கு. ஒரு பெட்டி பிறக்குது, ஒண்ணு சாகுது, செத்தது வேற பேரில் திரும்பி வருது. கடைசியாகப் பணம் கொடுக்கிற ஆளே ரெண்டாகிறார்: ஒரு பங்கு கம்பனி, ஒரு பங்கு அரசாங்கம். 2013இல் யாராவது "சம்பளம் என்றால் மூணு பகுதி, கொடுப்பவர் ஒருவர்" என்று மெட்டாமொடலில் அடித்து வைத்திருந்தால், அந்த மென்பொருளை அதுக்குப் பிறகு எத்தனை தடவை உடைத்துக் கட்டியிருக்கணும் என்று எண்ணிப் பாருங்க.

கழிவுகளின் பக்கம் இன்னும் சுவாரசியம். ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், கோயில் பணம். இந்தப் பட்டியல் தோட்டத்துக்குத் தோட்டம் வேற. ஒரு தோட்டத்தில் இருக்கிற கழிவு அடுத்த தோட்டத்தில் இல்லை. இதை ஒரே அச்சில் போட்டால் என்ன நடக்கும்? அடங்காததெல்லாம் "வேறு" என்ற ஒரு கட்டத்துக்குள் போகும். துண்டைப் பார்க்கிற அக்காவுக்கு "வேறு: 850" என்று மட்டும் தெரியும். எதுக்கு வெட்டினாங்க என்று கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்பதுதான் பதில்.

எந்தப் பெட்டியில் எவ்வளவு என்பது வெறும் கணக்குப் பிரச்சினையும் இல்லை. அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்த தொகைக்கு ஈ.பி.எஃப். உண்டு. ஊக்கத்தொகை என்று வேற பெட்டிக்குள் போனால் பெரும்பாலும் இல்லை. முப்பது வருசம் மலையேறின ஒருவர் ஓய்வெடுக்கிற போது, 1983ஆம் ஆண்டின் சேவைப் பணச் சட்டப்படி ஒவ்வொரு பூரண வருச சேவைக்கும் 14 நாள் சம்பளம் சேரணும். அதைக் கணக்குப் பண்ண, 2013இன் பெட்டிகளில் எழுதின பதிவும் 2026இன் பெட்டிகளில் எழுதின பதிவும் ஒரே நேரத்தில் திறந்து வாசிக்கக் கிடைக்கணும். பழைய பெட்டியைப் புது சிஸ்டம் அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டால், தள்ளுப்பட்டது ஒரு மனுசியின் உழைப்புக் கணக்கு.

சொல்லாவிட்டால் அணைந்தே இருக்கும்

இப்போ கருவிகளுக்கு வருவோம். எக்லிப்ஸ் மொடலிங் ஃப்ரேம்வர்க்கில் சேமித்த ஒரு பழைய கோப்பை எடுங்க. இதற்கிடையில் மெட்டாமொடலை மாற்றியிருக்கிறோம், ஒரு புலத்தை எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வழமையான முறையில் அந்தக் கோப்பைத் திறக்கப் போனால், "இப்படி ஒரு புலம் எனக்குத் தெரியாது" என்று பிழை வரும். கெம்பஸ்ல இதைச் செய்தவங்களுக்கு அந்த எரிச்சல் தெரிஞ்சிருக்கும்.

ஆனால் அதே கருவிக்குள் ஒரு தெரிவு இருக்கு. தெரியாத புலம் வந்தால் பிழை என்று நிற்காதே, அதைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திற என்று சொல்லலாம். நீங்களாக இயக்கினால்தான் அது இயங்கும். சொல்லாவிட்டால் அணைந்தே இருக்கும்.

எங்கள் வாதம் முழுக்க இந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கு. நெகிழ்வு தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. முடியும், ஆனால் வழமையாக அணைத்து வைத்திருக்கிறார்கள். எதை இயல்பாக வைக்கிறோம், எதைத் தேடிப் போய் இயக்க வைக்கிறோம் என்பதே ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் மனதில் விதிவிலக்கு என்றால் நூற்றில் ஒன்று. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் அந்த விதிவிலக்குத்தான் சாதாரண வாழ்க்கை.

மொடல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே இது உறுத்தியிருக்கு. பத்துப் பதினைந்து வருசமாக "நெகிழ்வான மொடலிங்" என்ற பேரில் அவர்களுக்குள் ஒரு உரையாடல் நடக்குது. அதில் எங்களுக்குப் பிடித்த ரெண்டு யோசனைகளைச் சொல்றோம்.

முதலாவது, தலைகீழாகத் தொடங்குவது. மட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் டி லாரா, எஸ்தர் குவெரா குழுவினர் செய்த வேலை இது. துறை தெரிந்தவர் சாதாரண வரைதல் கருவியில் தனக்குத் தெரிந்த உதாரணங்களை வரைவார். அந்த உதாரணங்களில் இருந்து மெட்டாமொடலைக் கருவி கொஞ்சம் கொஞ்சமாகத் தொகுக்கும். புது உதாரணம் வந்து பொருந்தாவிட்டால் மெட்டாமொடல் வளரும். விதி முதலில், ஆள் பிறகு என்பது மாறி, ஆள் முதலில், விதி பிறகு என்றாகுது. கணினி தெரியாத, ஆனால் செக்ரோல் அத்துபடியான ஒரு கணக்கப்பிள்ளையோ, கொழுந்தெடுக்கிற ஒரு அக்காவோ இந்த முறையில் மொடல் வரையலாம். பழைய முறையில் அவர்களால் முடியாது.

இரண்டாவது, பிழையையும் எச்சரிக்கையையும் பிரித்து வைப்பது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த எப்சிலன் என்ற கருவித் தொகுப்பில் சரிபார்ப்புக்கென்றே ஒரு மொழி இருக்கு. அதில் விதிகளை ரெண்டு வகையாக எழுதலாம். ஒன்று மீறக்கூடாதது. மற்றது "இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது, பாருங்க" என்று சொல்லிவிட்டு விடுவது. வீட்டு இலக்கம் இல்லை என்பது இந்த ரெண்டாவது வகை. அதற்காக ஒரு ஆளை வாசலில் நிறுத்தத் தேவையில்லை.

இது இங்கேயே நடந்திருக்கு

"இதெல்லாம் வெளிநாட்டு லேப் கதை, நம்ம நாட்டுக்கு சரிவருமா?" என்று கேட்பீங்க. நம்ம நாட்டிலேயே ரெண்டு சாட்சி இருக்கு.

டி.எச்.ஐ.எஸ். 2 என்பது சுகாதாரத் தகவல்களுக்கான திறந்த மூல மென்பொருள். 1990களின் தென்னாபிரிக்காவில் வேர் விட்டு, ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க வளர்ந்தது. இதில் எந்தத் தகவலைச் சேர்ப்பது, யாரிடம், எந்தக் கட்டத்தில், எந்த நிர்வாகப் பிரிவின் கீழ் என்பதெல்லாம் கோடுக்குள் அடித்து வைக்கப்படவில்லை. அதையும் தகவலாகவே வெளியே வைத்திருக்கிறார்கள். மொடல் வழி உருவாக்கத்துக்கு இது கிட்டின சொந்தம். 2020 ஜனவரி கடைசியில் இலங்கையில் முதல் கொவிட் தொற்றாளர் கண்டுபிடிக்கப்பட்ட சமயம், இந்த மென்பொருளில் பழகிய உள்ளூர்க் குழு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதிந்து பின்தொடர்கிற அமைப்பை சில நாட்களிலேயே கட்டி எழுப்பியது. அதைப் பார்த்துப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நோர்வேயின் நகரசபைகள்கூடத் தொடர்பு தேடலுக்கு இதே மென்பொருளைப் பாவித்தன. கொழும்பில் வளைத்தது ஒஸ்லோவுக்குத் திரும்பிப் போச்சு. அச்சுத்தட்டைக் கழற்றி மாற்றக் கூடியதாக உரலைச் செய்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

அதே மென்பொருளில் இன்னொரு சின்ன விசயம் நமக்கு ரொம்பப் பொருந்தும். ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் திறந்த தேதி, மூடிய தேதி என்று எழுதி வைக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலமாக 5 பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருந்தன, இப்போது 10. அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா பிரிந்தன. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரிந்தன. மக்கள் பல வருசம் கேட்டு வாங்கின மாற்றம் இது. பிரிவுகளின் பட்டியலைக் கோடுக்குள் அடித்து வைத்த மென்பொருளில், நோர்வூட்காரர் இன்னும் அம்பகமுவைக்காரராகவே இருப்பார்.

ரெண்டாவது சாட்சி பலரினா. இலங்கையில் பிறந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய நிரல்மொழி, 2019இல் 1.0 பதிப்பு வந்தது. அதில் ரெக்கோட் என்ற தகவல் வடிவத்தைச் சாதாரணமாக எழுதினால் அது திறந்ததாகவே இருக்கும். நீங்கள் பேர் சொல்லாத மேலதிகப் புலம் ஒன்று வந்தாலும் தூக்கி எறியாது, கூடவே வைத்திருக்கும். இறுக்கமாக மூடி வைக்கவும் முடியும், ஆனால் அதை நீங்கள் வேண்டி எழுதணும். எக்லிப்ஸில் பார்த்ததற்கு நேர் எதிர். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற கழிவுப் பட்டியலை நினைத்துப் பாருங்க. "கோயில் பணம்" என்று ஒரு புலத்தை மொடல் எதிர்பார்க்காவிட்டாலும் அது அதே பேரோடு உள்ளே வரலாம். "வேறு" என்ற கட்டத்துக்குள் காணாமல் போகத் தேவையில்லை.

யாருக்காக வளைவது?

ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கு. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் டேட்டா குப்பையாகிவிடாதா? இறுக்கம்தானே பாதுகாப்பு?

பாதுகாப்புத்தான், சில இடங்களில். அதுவும் நம்மளுக்கு ரொம்பத் தேவையான இடங்களில். அரைப் பேர் என்றால் என்ன என்று இதை வாசிக்கிற பலருக்கு விளக்கத் தேவையில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், முழு நாளும் மலையில் நின்று, குறிச்ச கிலோ வராவிட்டால் செக்ரோலில் அரை நாள் மட்டும் விழும். மழையில் கொழுந்து குறைஞ்சதும், மலை காடாகிக் கிடந்ததும் அந்தக் கட்டத்தில் ஏறாது. இங்கே ஏற்கெனவே நெகிழ்வு இருக்கத்தான் செய்யுது. ஆனால் வளைக்கிற கை ஒரு பக்கம், வளைபடுகிற உடம்பு இன்னொரு பக்கம். செக்ரோல் நாளைக்கு டெப்லட்டுக்கும் டிஜிட்டல் தராசுக்கும் போனால், இந்த வளைவு கண்ணுக்கே தெரியாத ஒரு வரிக் கோடாக மாறிவிடும். கணக்கப்பிள்ளையோடு சண்டை போடலாம். அப்பிலிக்கேசனோடு எப்படிச் சண்டை போடுவது?

அதனால் நாங்கள் கேட்பது கண்மூடித்தனமான தளர்ச்சி இல்லை. ஆளை விவரிக்கிற இடத்தில் தளர்வாக இரு: பேர், முகவரி, குடும்பம், மொழி. ஆளுக்குச் சேரவேண்டியதைத் தீர்மானிக்கிற இடத்தில் இறுக்கமாக இரு: குறைந்தபட்சச் சம்பளம், வேலை செய்த நாள், சேவைக்காலம். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே ஒரு தொகையை அந்தச் சிஸ்டம் ஏற்கவே கூடாது. அரை நாள் போடுவதானால் காரணம் எழுதாமல் சேமிக்கவே விடக்கூடாது, அந்தக் காரணம் தமிழில் தொழிலாளியின் துண்டிலும் வரணும். இப்போ நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். வீட்டு இலக்கத்தில் கறார், கூலியில் தாராளம்.

நம்ம சமூகத்துக்குக் கட்டாயப் பெட்டியின் வலி இன்றைக்கு வந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அந்தப் பத்திரம் பலரிடம் இல்லை. பெட்டி நிரம்பவில்லை என்பதற்காக லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. 150,000 பேர் எந்தப் பெட்டியிலும் சேராமல் மிஞ்சினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மிச்சம் இருந்தவர்களுக்கு வழி திறந்தது. அது கம்பியூட்டர் இல்லாத காலம். மொடல் மட்டும் இருந்தது: மூணு பெட்டி, அதற்குள் அடங்காத ஒரு மக்கள்.

நாம் செய்யக்கூடியது

இப்போது நாடு டிஜிட்டல் அடையாள அட்டைக்குப் போய்க்கொண்டிருக்கு. அதற்கு அடித்தளமாகப் பேசப்படுவது மொசிப். பெங்களூரில் உருவான திறந்த மூல அடையாளத் தளம் அது. ஒவ்வொரு நாடும் ஆளைப் பற்றி என்னென்ன புலங்கள் வைக்கணும், எது கட்டாயம் என்று தானே வரையறுக்கலாம். ஆகவே கருவியில் நெகிழ்வு இருக்கு. அதை யார் உட்கார்ந்து வளைக்கப் போகிறார்கள் என்பதுதான் மிச்சக் கேள்வி. அந்த மேசையில் லயத்து முகவரி எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா? தகப்பன் பேரை முன்னால் வைத்து எழுதுற பழக்கம், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் விழுந்த பேர்கள், இதெல்லாம் தெரிந்தவர் இருக்கிறாரா? மேசை போட்டு முடிந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்கிறது லேசு. நம்ம சங்கங்களும் பிரதிநிதிகளும் சம்பளத்துக்குப் பேசுகிற மாதிரி இதற்கும் பேசணும்.

அதோடு, ஐ.டி. படிக்கிற நம்ம ஆட்களுக்கு நாலு விசயம். பெரிய பட்ஜெட் வேண்டாம், அடுத்த கெம்பஸ் புரொஜெக்டிலேயே தொடங்கலாம்.

கிளாஸ் டயகிராம் வரைவதற்கு முன்னால் பத்து உண்மையான உதாரணம் சேருங்க. அதில் மூணாவது உங்கள் ஐடியாவுக்குச் சுத்தமாகப் பொருந்தாததாக இருக்கட்டும். பொருந்துகிற உதாரணம் உங்கள் எண்ணத்தைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். பொருந்தாத உதாரணத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

ஒவ்வொரு சிவப்பு நட்சத்திரத்துக்கும் காரணம் எழுதுங்க. "இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?" என்று கேளுங்க. பதில் வராவிட்டால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு எச்சரிக்கையாக மாற்றுங்க.

தெரியாத தகவலைத் தூக்கி எறியாதீங்க. வந்த பேரோடேயே, வந்த தேதியோடு வைத்திருங்க. ஒரே மாதிரியான "தெரியாதது" நூறு சேர்ந்தால், மொடலில் ஒரு பெட்டி குறையுது என்று அர்த்தம். அப்போது மொடலை மாற்றுங்க. மாற்றின தேதியையும், பழையதை வாசிக்கிற வழியையும் விட்டு வையுங்க.

கடைசியாக, உங்கள் மொடலை வீட்டில் காட்டுங்க. தமிழில், ஒரு பேப்பரில், பெட்டியும் கோடுமாக வரைந்து, மலையில் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேளுங்க. அவர் விரல் வைக்க இடம் தேடித் தடுமாறினால், ரிவியூவில் லெக்சரர் சொல்கிற எந்தக் கருத்தையும்விட அது பெரிய பிழைத்திருத்தம். பென்சிலை அவர் கையில் கொடுங்க. இல்லாத பெட்டியை அவரே வரையட்டும்.